நனைந்த அட்டைக்கு யார் பொறுப்பு? நயினாதீவுக் கல்வெட்டிலிருந்து ஒன்லைன் கடை வரை

போன வருசம் புரட்டாதி கடைசியில் நாங்கள் கொஞ்சப் பேர் காசு சேர்த்து, நெடுந்தீவில் பிள்ளைகள் வாசிக்கிற ஒரு சின்ன இடத்துக்கு முப்பது பெட்டி சொல் அட்டைகள் ஓடர் பண்ணினோம். ஒரு பக்கம் படம், மறுபக்கம் தமிழ்ச் சொல். போனில் பார்க்கிறது வேண்டாம், கையில் பிடிக்கிற அட்டைதான் வேண்டும் எண்டு முதலே முடிவெடுத்திருந்தோம். கொழும்பில் இருக்கிற ஒரு ஒன்லைன் கடை. இணையத்தளத்தின் மேலே பெரிய எழுத்தில் 'தீவு முழுவதும் டெலிவரி' எண்டு போட்டிருந்தது. காசைக் கட்டினோம்.

அந்த வசனத்தில் சொன்ன 'தீவு' இலங்கை. எங்கட தீவுகள் அதுக்குள் அடங்கவில்லை எண்டது பிறகுதான் விளங்கியது. பார்சல் யாழ்ப்பாணம் வந்து இரண்டு கிழமை கிடந்தது. பிறகு யாரோ அதைக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கொண்டுபோய்ப் படகில் ஏற்றிவிட்டார்கள். கார்த்திகை மழை, கடலும் சரியில்லை. பெட்டி மேல்தட்டில், தறப்பாளுக்குக் கீழே போயிருக்கிறது. நெடுந்தீவில் இறக்கிப் பிரித்துப் பார்த்தால் அட்டைகள் ஒண்டோடொண்டு ஒட்டி, செங்கல் மாதிரி இருந்தன. கடையின் இணையத்தளத்திலோ பார்சல் படகில் ஏறிய நாளிலேயே 'ஒப்படைக்கப்பட்டது' எண்டு பதிவாகியிருந்தது.

கடைக்காரருக்கு எழுதினோம். வந்த பதில் மரியாதையானதுதான். நாங்கள் 'ஏற்றுக்கொள்கிறேன்' எண்டு சரி போட்ட நிபந்தனைகளில் ஒன்பதாவதைப் பார்க்கச் சொன்னார்கள்: பொருள் கூரியர்காரரிடம் கொடுக்கப்பட்ட பிறகு நடக்கும் சேதத்துக்கு வாங்குபவரே பொறுப்பு. அது ஆங்கிலத்தில் இருந்தது. எங்களில் ஒருத்தரும் அதை வாசிக்கவில்லை. "ஒரு நல்லெண்ணத்துக்காகப் பாதிக் காசு தரலாம்" எண்டும் எழுதியிருந்தார்கள்.

பாதியை வாங்குவதா, விடுவதா எண்டு எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். அந்த வாக்குவாதத்தின் நடுவில்தான் எங்களில் ஒருத்தி கேட்டாள்: "கடலில் பொருள் நனைஞ்சால் நட்டம் ஆருக்கு எண்டு நயினாதீவுக் கல்வெட்டிலயே இருக்கெல்லோ?" அவள் பகிடிக்குத்தான் கேட்டாள். ஆனால் இருக்கிறது. இந்தக் கட்டுரை அங்கேயிருந்துதான் தொடங்குகிறது.

ஊராத்துறையில் ஒரு சட்டம்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் வளாகத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் காலத்தது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதைப் பதிப்பித்து, விரிவாக ஆராய்ந்து எழுதினார். கல்வெட்டின் ஒரு பகுதி சிதைந்துபோய்விட்டது. மிஞ்சிய பகுதி சொல்வது கோயில் தானத்தைப் பற்றியல்ல, வியாபாரத்தைப் பற்றி.

அதன் சாரம் இதுதான். வெளிநாட்டு வணிகர் முதலில் ஊராத்துறைக்கு வர வேண்டும். அங்கே அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கப்பட வேண்டும். அரசனுக்காக யானையும் குதிரையும் கொண்டுவருகிற கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு வியாபாரச் சரக்குக் கொண்டுவருகிற கப்பல் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. இந்த விதி நிலைக்க வேண்டும் எண்டு கல்லிலும் செம்பிலும் எழுதுவிக்கப்பட்டது.

ஊராத்துறைதான் இண்டைக்கு நாங்கள் சொல்கிற ஊர்காவற்றுறை. 'கயிற்ஸ்' எண்ட பெயர் போர்த்துக்கீசர் 'துறை' எண்ட பொருளில் வைத்த சொல்லிலிருந்து வந்தது. யானைகளைக் கப்பலேற்றிய துறை எண்டுதான் அவர்கள் அதை அழைத்தார்கள். ஆக, அந்தக் கல்வெட்டில் யானை வருவது அலங்காரத்துக்கில்லை. இந்தத் துறையில் நூற்றாண்டுக் கணக்காக உண்மையில் ஏறி இறங்கிய சரக்கு அது.

இப்ப அந்தப் பங்கீட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கோ. உடைந்த கப்பலில் பாதியை அரசன் எடுப்பது எங்களுக்குக் கொள்ளை மாதிரித் தெரியலாம். ஆனால் அந்தக் காலத்தில் பல கரைகளில் உடைந்த கப்பல் முழுதும் கரையை ஆள்பவனுக்கே. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காகதீய அரசன் கணபதிதேவன் 1244-45 அளவில் வைத்த கல்வெட்டு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. முந்திய அரசர்கள் புயலில் கரையொதுங்கிய கப்பல்களின் பொருளை முழுதாகப் பறித்தார்கள், நான் தீர்வையை மட்டும்தான் எடுப்பேன் எண்டு அவன் அறிவிக்கிறான். அதுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முந்தியே 'பாதி உன்னுடையது' எண்டு எழுதிக் கொடுத்ததுதான் நயினாதீவுக் கல். வணிகன் திரும்பி வர வேண்டுமெண்டால் நட்டத்தின் அளவு அவனுக்கு முதலே தெரிந்திருக்க வேண்டும் எண்டது அரசனுக்கு விளங்கியிருக்கிறது.

இன்னொரு விசயமும் எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது. பொலன்னறுவையில் இருந்த அரசன் அந்த விதியைத் தமிழில் வெட்டுவித்தான். வாசிக்க வேண்டியவர்கள் வாசிக்கிற மொழியில், அவர்கள் வந்துபோகிற இடத்தில். எங்கட ஒன்பதாவது நிபந்தனைக்கு அந்தக் கொடுப்பினை கிடைக்கவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை

அடுத்த நிறுத்தம் தேசவழமை. ஒல்லாந்த ஆளுநர் கோர்னேலிஸ் யொவான் சைமன்ஸ் காலத்தில், யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எங்கட ஊர் வழக்கங்களைத் தொகுத்து 1707இல் ஒப்படைத்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து 'இது எங்கட வழக்கம்தான்' எண்டு ஒப்புக்கொண்ட பிறகே கைக்கொள்ளப்பட்டது. ஆங்கிலேயர் 1806இன் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதுக்குச் சட்ட வலு கொடுத்தார்கள்.

தேசவழமை எண்டால் எல்லாருக்கும் சீதனமும் முதுசமும்தான் ஞாபகம் வரும். அதில் விற்பனையைப் பற்றியும் இருக்கிறது. ஒருத்தர் காணி விற்க நினைத்தால் உரித்துக்காரர், பங்காளர், அந்தக் காணியை ஈடாக வைத்திருக்கிற பக்கத்துக் காணிக்காரர் போன்றோருக்கு முதலில் அறிவிக்க வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் அந்த அறிவித்தல் தேவாலயத்தில் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்பட்டது. வாங்க உரிமை உள்ளவர் அந்த இடைவெளிக்குள் முன்வர வேண்டும். அந்த முன்வாங்கும் உரிமை 1947இன் தனிக் கட்டளைச் சட்டம் வரை வந்து, இண்டைக்கும் யாழ்ப்பாணத்தில் உறுதி எழுதும்போது கேட்கப்படுகிறது.

காணியும் அட்டைப் பெட்டியும் ஒண்டில்லை எண்டு எங்களுக்கும் தெரியும். நாங்கள் பார்க்கிறது அதுக்குப் பின்னால் இருக்கிற எண்ணத்தை: பாதிக்கப்படக் கூடியவரின் காதில் விழுந்த பிறகுதான் விற்பனை நடக்கலாம். சத்தமாக, ஒண்டுக்கு மூன்று தரம், யோசிக்க நேரம் விட்டு. இப்ப எங்களுக்குக் கிடைக்கிறது ஒரு சின்னச் சதுரம். அதில் சரி போடாமல் காசு கட்டுகிற பொத்தான் வேலை செய்யாது. நீங்கள் வாசித்தீர்களா எண்டு ஒருத்தரும் கேட்கப்போவதும் இல்லை.

1896: கப்பல் காலத்துச் சட்டம்

இலங்கையில் பொருள் வாங்குவது விற்பதை இண்டைக்கும் ஆள்கிற அடிப்படைச் சட்டம் 1896இன் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். 1893இல் பிரித்தானியாவில் வந்த சட்டத்தின் பிரதி எண்டே சொல்லலாம். ஒன்லைன் கடை எண்ட ஒண்டே இல்லாத காலம். ஆனால் எங்கட வழக்கு முழுதும் அதுக்குள் இருக்கிறது.

முதல் விதி: வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால், பொருளின் உடைமை எப்ப கைமாறுகிறதோ அப்பதான் நட்டப் பொறுப்பும் கைமாறும். இரண்டாவது: பொருளை அனுப்பச் சொல்லி வாங்குபவர் கேட்டிருந்தால், கொண்டுசெல்பவரிடம் கொடுப்பதே முகத்தோற்ற அளவில் வாங்குபவரிடம் கொடுத்த மாதிரி. ஆக, கடைக்காரரின் ஒன்பதாவது நிபந்தனை வானத்திலிருந்து விழுந்ததில்லை. 1896ஐத்தான் அவர்கள் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் அதே சட்டம் அடுத்த மூச்சில் விற்பவருக்கும் இரண்டு கடமை வைக்கிறது. பொருளின் தன்மையைப் பார்த்து, அதுக்கு ஏற்ற மாதிரி நியாயமான ஒழுங்கைக் கொண்டுசெல்பவரோடு செய்ய வேண்டும். செய்யாமல் விட்டுப் பொருள் கெட்டால், 'எனக்கு ஒப்படைக்கப்படவில்லை' எண்டு வாங்குபவர் சொல்லலாம். மற்றது இன்னும் சுவாரசியமானது. பொருள் கடல் வழியாகப் போகிறதெண்டால், வழக்கமாகக் காப்புறுதி செய்கிற சூழ்நிலையில், வாங்குபவர் காப்புறுதி எடுக்கக்கூடிய மாதிரி விற்பவர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் கடல் பயணத்தில் நட்டம் விற்பவருக்கு.

இதை வாசித்தவுடன் எங்களுக்குப் பெரிய சந்தோசம். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலக் கடல். அது கடல் வழி இல்லாமல் வேறென்ன? பிறகுதான் 'வழக்கமாகக் காப்புறுதி செய்கிற சூழ்நிலை' எண்ட சொற்களில் கண் நிண்டது. நெடுந்தீவுப் படகில் ஏறுகிற அரிசி மூட்டைக்கும் அட்டைப் பெட்டிக்கும் யார் காப்புறுதி எடுக்கிறார்கள்? அந்த வசனம் லிவர்ப்பூலிலிருந்து கொழும்புக்கு வருகிற கப்பலை நினைத்து எழுதப்பட்டது. நாலாயிரம் பேரளவில் இருக்கிற ஒரு தீவுக்கு, ஒரு நாளைக்குச் சில தரம் ஓடுகிற படகை நினைத்தில்லை.

கண்டபின் காசு

எங்கட அப்பப்பாமார் காலத்தில் தூரத்துக் கடையில் பொருள் வாங்க இன்னொரு வழி இருந்தது. வீ.பி.பி. இந்தியத் தபாலில் 1877இல் தொடங்கிய முறை, இலங்கைத் தபாலிலும் நடந்தது. ஒரு தபாலட்டையில் வேண்டியதை எழுதிப் போட்டால் பார்சல் தபால்காரரோடு வரும், காசை அவரிடம் கொடுத்து வாங்கலாம். பிரித்துப் பார்க்க விடமாட்டார்கள். எண்டாலும் பெட்டி நனைந்திருக்கா, நசிந்திருக்கா எண்டு கண்ணால் பார்த்த பிறகுதான் காசு கையை விட்டுப் போகும். இண்டைக்குக் 'காஷ் ஒன் டெலிவரி' எண்டு சொல்வது அதன் பேரப்பிள்ளை.

தீவகத்து ஆக்கள் நாடெங்கும் கடை போட்டவர்கள். கொழும்பிலும் தெற்கிலும் புங்குடுதீவாரின் கடை இல்லாத பட்டினம் குறைவு எண்டு பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கடைகளின் நிபந்தனை கடன் கொப்பியில் இருந்தது, வாடிக்கையாளரின் முகத்தில் இருந்தது. பிழையான பொருளைக் கொடுத்தால் நாளைக்கு அதே ஆள் கடை வாசலில் வந்து நிற்பார். அந்தப் பயமே பாதிச் சட்டம். முகம் தெரியாத கடைக்கு அந்தப் பயம் இல்லை எண்டதால்தான் எழுதிய சட்டம் கூடத் தேவைப்படுகிறது.

பிறகு யுத்தம். 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் ஆசைப்படுகிற பொருளாயின. 2006 ஆவணியில் ஏ9 பாதை பூட்டப்பட்டபோது குடாநாடு திரும்பவும் கப்பலை நம்பியே இருந்தது. அந்த நாட்களில் வாங்குபவரின் உரிமை எண்டு ஒருத்தரும் கதைக்கவில்லை. வந்தது கிடைத்தால் போதும். 'கிடைச்சதே பெரிய விசயம், பேசாமல் இரு' எண்ட பழக்கம் எங்கட வீடுகளில் அங்கேயிருந்துதான் கெட்டியானது எண்டு நாங்கள் நினைக்கிறோம். அட்டை நனைந்தபோதும் முதலில் வந்த அறிவுரை அதுதான்.

சுரண்டும் அட்டை

அட்டையை விற்கிறபோது அட்டையை மட்டும் விற்பதில்லை. இதை எங்கட ஆக்கள் வெளிநாட்டில் நல்ல விலை கொடுத்துப் படித்தார்கள். பாரிசிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் தமிழ்க் கடைகளில் தொலைபேசி அட்டைகள் தொங்கிய காலம் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளிப் பூச்சைச் சுரண்டினால் இலக்கம். அட்டையின் முகத்தில் இத்தனை நிமிடம் எண்டு பெரிதாக. பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இணைப்புக் கட்டணம், பராமரிப்புக் கட்டணம், காலாவதி நாள். அம்மாவோடு கதைக்கத் தொடங்கிப் பாதியில் இணைப்பு அறுந்துபோகும்.

அமெரிக்காவில் இப்படியான அட்டைகளைப் பற்றி அங்குள்ள கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2008இல் சில நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டது. சொன்ன நிமிடங்கள் கிடைப்பதில்லை, கட்டணங்கள் தெளிவாகச் சொல்லப்படுவதில்லை எண்டதுதான் குற்றச்சாட்டு. அடுத்த வருசமே மில்லியன் டொலர் கணக்கில் காசு கட்டி இணங்கிப்போனார்கள். 'அட்டையின் பின்பக்கத்தில் எழுதித்தானே இருந்தது' எண்டு ஒருத்தர் வாதிடலாம். எழுதியிருப்பது வேறு, சொல்லியிருப்பது வேறு.

ஐரோப்பாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2011இன் ஐரோப்பிய ஒன்றிய வழிகாட்டல்படி ஒன்லைனில் வாங்கிய பொருளைக் கையில் கிடைத்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். உங்கட பெயர் அச்சடித்த கலியாண அட்டை மாதிரி, உங்களுக்கென்றே செய்த பொருளுக்கு அது பொருந்தாது. எங்களுக்கு அதைவிட முக்கியமானது அதே வழிகாட்டலில் இருக்கிற மற்ற விதி. கடை ஒழுங்கு செய்த ஆளே பொருளைக் கொண்டுவந்தால், நுகர்வோரின் கையில் அது வந்து சேரும் வரை நட்டம் விற்பவருடையது. பிரித்தானியாவின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டமும் அதையே சொல்கிறது. எங்களுக்கு 1896இல் சட்டத்தைக் கொடுத்த நாடு, தன்னுடைய நுகர்வோருக்கு அதை மாற்றிவிட்டது. நாங்கள் இன்னும் பழைய பிரதியை வைத்திருக்கிறோம்.

எங்களிடம் என்ன இருக்கிறது

ஒண்டும் இல்லை எண்டு சொல்ல முடியாது. 2006இன் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் ஒன்லைன் ஒப்பந்தத்தை ஒப்பந்தமாகவே ஏற்கிறது. ஆக, கடையின் மின்னஞ்சலும் தளத்தின் படமும் உங்கட சான்று. 1997இன் 26ஆம் இலக்கச் சட்டம் நேர்மையற்ற ஒப்பந்த நிபந்தனைகளைக் கட்டுப்படுத்துகிறது. நிபந்தனையில் எழுதிவிட்டால் எல்லாம் செல்லும் எண்டில்லை. 2003இன் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. 1977 எண்ட இலக்கத்துக்கு அழைக்கலாம். மாவட்டச் செயலகத்தில் இருக்கிற அவர்களின் அலுவலகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம்.

ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இங்கேதான் நாங்கள் தோற்றோம். யாழ்ப்பாணத்தில் இரண்டு கிழமை, படகுக்காகச் சில நாள், பிறகு வாட்ஸப்பில் 'அண்ணை, தயவுசெய்து பாருங்கோ' எண்டு கெஞ்சியது ஒரு மாதம். இந்த விதியை நாங்கள் கண்டுபிடித்தபோது தை மாதம். மூன்று மாதம் முடிந்திருந்தது. கொழும்பில் இருக்கிற ஒருத்தருக்கு மூன்று மாதம் எண்டால் மூன்று மாதம். தீவில் இருக்கிறவருக்கு அதில் பாதியைக் கடலும் பாதையும் சாப்பிட்டுவிடும். எல்லாருக்கும் ஒரே கணக்கு எண்டது எல்லாருக்கும் ஒரே நீதி இல்லை.

கடைசியில் அந்தப் பாதிக் காசை வாங்கினோம். பராக்கிரமபாகு உடைந்த கப்பல்காரனுக்கு விட்ட அதே பாதி. எண்ணூறுக்கு மேற்பட்ட வருசத்தில் நாங்கள் ஒரு சதமும் முன்னேறவில்லையே எண்டு சிரித்தோம். ஆனால் இரண்டும் ஒண்டில்லை. ஊராத்துறைக்கு வந்த வணிகனுக்குப் பாதி உரிமையாகக் கிடைத்தது. கேட்டு வாங்கலாம், கல்லைக் காட்டலாம். எங்களுக்குக் கிடைத்தது நல்லெண்ணம். அதை நாளைக்குத் தராமலும் விடலாம்.

அந்தப் பாதிக் காசில் பதினைந்து பெட்டி திரும்ப வாங்கினோம், வேறு கடையில். காசு கட்டுவதுக்கு முந்தி நாலு கேள்வியை எழுத்தில் கேட்டோம். நெடுந்தீவு வரைக்கும் கொண்டுவருவீர்களா, இல்லாவிட்டால் எந்த இடத்தில் உங்கட பொறுப்பு முடிகிறது? தண்ணி படாத மாதிரிக் கட்டுவீர்களா? கையில் பார்த்த பிறகு காசு கொடுக்கலாமா? நிபந்தனைகளைத் தமிழில் அனுப்புவீர்களா? முதல் மூண்டுக்கும் பதில் வந்தது. நாலாவதுக்கு, "ஒருத்தரும் இதுவரை கேட்கேல்லை" எண்டு எழுதினார்கள்.

அட்டைகள் பங்குனியில், நாங்களே குறிகட்டுவானில் நிண்டு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்த்தோம். முப்பது பிள்ளைகளுக்குப் பதினைந்து பெட்டி. இரண்டு பேருக்கு ஒண்டு. நீங்கள் அடுத்த தரம் தீவுக்கு ஏதாவது ஓடர் பண்ணினால், அந்த நாலாவது கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கோ.